சங்கம் யாருக்காக? – கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர்தான். ஒரு தலைமையாசிரியர், ஒரு டீச்சர். சங்கத்துப் போராட்டம் என்று இரண்டு பேரும் ஒரே நாளில் வரவில்லை. பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தோம். நான் நாட்டுப்படகில் தொழில் பார்க்கிறவன். காற்றடித்தால் அன்றைக்கு எனக்கு வருமானம் கிடையாது. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சங்கம் எதற்கு? பென்ஷன், சம்பளம், மாறுதல் இதைத் தவிரப் பிள்ளைகளுக்காக அவர்கள் எதையாவது கேட்டதுண்டா? நீங்கள் ஆசிரியர் சங்கங்களை ஆதரித்து எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேரும் ஒரே நாளில் வராவிட்டால் பள்ளியைப் பூட்டியதாகத்தான் அர்த்தம். எதற்காகப் போகிறோம் என்று முதல் நாளே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது சங்கத்தின் தவறு.

சங்கம் எதற்கு என்று கேட்கிறீர்கள். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானது 1981 ஜூன் 1-ஆம் தேதியிலிருந்துதான். அதுவரை அவர்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் இருந்தார்கள். உள்ளூரில் செல்வாக்கானவரைப் பகைத்துக்கொண்டால் எந்த ஊருக்குத் தூக்கியடிப்பார்களோ என்ற பயத்திலேயே காலம் தள்ளியதாக அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று மற்ற ஊர்களில் மேலதிகாரிகள் மிரட்டுவார்களே, அந்தக் காடு நம் ராமநாதபுரம் மாவட்டம்தான். நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதை ஒருவருக்குத் தண்டனையாகக் கொடுத்தால், அவர் எந்த மனதோடு வகுப்புக்குள் வருவார்? மாறுதல் என்பது அதிகாரியின் விருப்பமாக இல்லாமல், காலியிடப் பட்டியலை வெளிப்படையாக வைத்து முன்னுரிமைப்படி கலந்தாய்வில் நடக்க வேண்டும் என்று சங்கங்கள் விடாமல் கேட்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இன்னொன்று. ஆசிரியர்கள் தொழிற்தகராறு சட்டத்தின்படி ‘தொழிலாளர்’ ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர்களால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 1,70,000 பேரை அரசு வேலையைவிட்டு நீக்கியது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்த நீக்கத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில்தான். பிறகு பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பயம் இன்றைக்கும் ஆசிரியர் வீடுகளில் இருக்கிறது. மாதச் சம்பளம் இருப்பதால் அவர்களுக்குப் பாதுகாப்பு தானாக வந்துவிடவில்லை, தம்பி.

சங்கம் என்றதும் உங்களுக்குத் தெரிவது மறியல், கொடி, கோஷம். நான் பார்த்தவரை, அதன் வேலையில் பெரும்பகுதி வட்டாரக் கிளையில் நடக்கிறது. பணிப்பதிவேட்டில் விடுபட்ட பதிவு, இழுத்தடிக்கப்படும் வருங்கால வைப்பு நிதிக் கடன், மகப்பேறு விடுப்பு முடிந்து வந்த டீச்சரின் நிலுவைச் சம்பளம், இப்படிச் சில்லறையாகத் தெரியும் காரியங்கள். ஒரு பேப்பருக்காக ஆசிரியர் பள்ளி நாளில் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அலைந்தால் இரண்டு வகுப்புக்கு, மூன்று வகுப்புக்கு அன்று ஆளில்லை. வட்டாரச் செயலாளர் பத்துப் பேரின் மனுவை ஒரே தடவையில் கொண்டுபோய்க் கொடுத்து முடித்துவருகிறார். இதைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் செய்தி வராது.

இப்போது மாறுதலுக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு என்ன கேட்டார்கள் என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. மூக்கையூரிலிருந்து வாலிநோக்கம், ஏர்வாடி, மண்டபம், தேவிபட்டினம் வழியாகத் தொண்டி வரைக்கும் நம் கரையைப் பாருங்கள். இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பணி ஆணை வாங்கி வரும் வெளிமாவட்ட ஆசிரியருக்கு முதல் கவலை வாடகைக்கு வீடும் குடிதண்ணீரும். பஸ் இரண்டாவது கவலை. 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர் (தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்) என்றால் அடிப்படைச் சம்பளமே அடிபட்டுப் போனது. முன்னால் சேர்ந்தவருக்கு 8,370 ரூபாய், இவருக்கு 5,200 என்று நிர்ணயித்தார்கள். ஒரே படிப்பு, ஒரே வேலை. இதைக் கேட்டு அவர்கள் சென்னையில் போய் உட்கார்ந்தபோது சம்பளப் பேராசை என்று பேசியவர்கள் உண்டு. குறைந்த சம்பளத்தில் குடும்பத்தை ஒரு மாவட்டத்திலும் தன்னை இன்னொரு மாவட்டத்திலும் வைத்திருக்கிறவர், அடுத்த கலந்தாய்வு எப்போது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் போனபின் அந்த இடம் காலியாகவே கிடக்கும். நட்டம் உங்கள் மகளுக்கு.

2023 டிசம்பரில் வந்த அரசாணை 243-ஐயும் இப்படித்தான் பார்க்கிறேன். அதற்குமுன் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் முன்னுரிமைப் பட்டியல் ஒன்றிய அளவில் இருந்தது. கடலாடி ஒன்றியத்து ஆசிரியர் பதவி உயர்வு பெற்றாலும் கடலாடிக்குள்ளேயே இருப்பார். புது ஆணை அதை மாநில அளவுக்குக் கொண்டுபோனது. சங்கங்கள் எதிர்த்தது தங்கள் வசதிக்காகவும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊரையும் பிள்ளைகளையும் தெரிந்த ஒருவர் அங்கேயே தங்குவது அந்தக் கரைக்கும் நல்லது. தகப்பன் இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளை ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடியும் முன்பே பள்ளி திறக்கும்போது எந்த வீட்டில் நோட்டு வாங்கப் பணமிருக்காது என்பதெல்லாம் பல வருடம் இருந்தவருக்குத்தான் தெரியும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. செயலியில் பதிவு, பயிற்சி, மாற்றுப்பணி என்று ஈராசிரியர் பள்ளியில் ஒருவரைப் பிடுங்கும்போது எழுதிக் கேட்பதும் சங்கம்தான். தனி ஆசிரியர் கேட்டால் விளக்கம் கேட்டு மெமோ வரும்.

சரி, சங்கத்தின் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. வாரத்தில் பாதி நாள் பள்ளிக்கு வராமல் கையெழுத்தை மட்டும் போடுகிற உறுப்பினரைக் கூட்டத்தில் எழுப்பிக் கேட்க அவர்கள் தயங்குகிறார்கள். கேட்டால் அவர் அடுத்த சங்கத்துக்குப் போய்விடுவார். சந்தா போய்விடும். இத்தனை சங்கங்களாகப் பிரிந்து நிற்பதன் பலன் இது. கோரிக்கைப் பட்டியலில் கடற்கரைப் பள்ளிக் காலியிடம் பத்தாவதோ பன்னிரண்டாவதோ வருகிறது. அது முதலில் இருக்க வேண்டும். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படி நடத்துவது? வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று சங்கங்கள் கேட்கத்தான் செய்கின்றன, ஆனால் உங்கள் காதில் விழுகிற மாதிரி உங்கள் தெருவில் வந்து கேட்டதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும், அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். அப்புறம் அந்த நகலைச் சங்கத்தின் வட்டாரச் செயலாளரிடம் கொடுத்து, இதை உங்கள் அடுத்த ஆர்ப்பாட்டத்தில் முதல் கோரிக்கையாக வைப்பீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். போராட்ட நாளில் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். அவருடைய எண் உங்கள் தலைமையாசிரியரிடம் இருக்கும். செயலாளர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.