இரண்டு இணைய இணைப்புகள் இருந்தும் அலுவலக வலையமைப்பு ஏன் முடங்குகிறது?

இரு நிறுவனங்களிடம் ஃபைபர் இணைப்பு வாங்கியும் அலுவலகத்தில் இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது, காணொலிக் கூட்டங்களில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சரியாகாது என்பதே வலையமைப்புப் பராமரிப்பில் இருக்கும் எனது கருத்து.

இரண்டு பில் வருவதால் மட்டும் பாதையும் இரண்டாகிவிடாது. இரு கேபிள்களும் ஒரே குழாய் வழியாகக் கட்டடத்துக்குள் நுழைந்தால், சாலையைத் தோண்டும் ஒரு ஜேசிபி இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். ஆகவே இரு நிறுவனங்களிடமும் கேபிள் வரும் தடத்தை எழுத்தில் கேளுங்கள். தடம் ஒன்றுதான் என்றால், ஒன்றை வயர்லெஸ் இணைப்பாக மாற்றுவது நல்லது.

அடுத்து, உங்கள் ஃபயர்வால் (அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் பாதுகாப்புக் கருவி) எதைப் பார்த்து இணைப்பு உயிரோடு இருப்பதாக முடிவுசெய்கிறது என்று பாருங்கள். சேவை நிறுவனத்தின் கேட்வேயை (அவர்களது வலையமைப்பின் நுழைவாயில்) மட்டும் பிங் செய்தால், அதாவது சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால், அதற்கு அப்பால் எல்லாம் செத்துக் கிடந்தாலும் அது மாற்று இணைப்புக்குத் தாவாது. வெளியே தொலைவிலுள்ள இரண்டு மூன்று முகவரிகளைச் சோதிக்கும்படி அமைக்க வேண்டும். ரவுட்டர்கள் தமக்குள் பாதை விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் பிஜிபி (BGP) முறையைப் பயன்படுத்துவோருக்கும் இதே தொல்லை உண்டு: நடுவழியில் பழுது ஏற்பட்டால், பல ரவுட்டர்கள் இயல்பு அமைப்பில் 180 விநாடிகள் காத்திருந்த பிறகே அண்டை ரவுட்டரைக் கைவிடும். இணைப்பு அறுந்ததை விரைவாகக் கண்டறியும் பிஎஃப்டி (BFD) வசதியை இரு முனைகளிலும் இயக்கினால் அது ஒரு விநாடிக்குள் முடியும்.

குரல் விட்டுப்போவதற்குக் காரணம் வேறு. ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் செய்து பாருங்கள். வழக்கமாக 20 மில்லிவிநாடியில் வரும் பதில் 400-ஐத் தாண்டினால், பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) மோடத்தின் நீண்ட வரிசையில் தேங்குகின்றன என்று பொருள். பதிவேற்ற வேகம் 100 எம்பிபிஎஸ் எனில், ரவுட்டரில் அதை 90-க்கு மட்டுப்படுத்தி, ஒரே பயன்பாடு வரிசை முழுவதையும் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் எஃப்க்யூ-கோடல் (fq_codel) வரிசைமுறையை இயக்குங்கள். வேகத்தை நாமே குறைப்பதா என்று மேலாளர் முகம் சுளிப்பார். ஆனால் வரிசை மோடத்தில் சேராமல் நம் ரவுட்டரில் சேர்ந்தால்தான் அதை ஒழுங்குபடுத்த முடியும்.

இன்னொன்று: 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, பழுதுபார்க்கத் தேவையான உள் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் பொறியாளர்களின் வேலை தாமதமானது. அதே நிலை உங்களுக்கு வராதிருக்க, ரவுட்டரின் கன்சோலுக்கு (அதை நேரடியாக இயக்கும் இணைப்புமுனை) தனி 4ஜி சிம் வழியே ஒரு பாதை வைத்து, அந்தச் சிம்மின் ரீசார்ஜ் தேதியை யாராவது ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.