கறுப்புதான் கஷ்டம் – கடிதம்

வணக்கம் ஐயா,

புரொஜெக்டர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். சாதாரண எல்சிடி போன் திரையே இருபது லட்சம் பிக்சலோடு மலிவாகக் கிடைக்கிறது. தொழில்முறை புரொஜெக்டருக்குள் இருக்கும், ஓர் அங்குலம்கூட இல்லாத, படத்தை உருவாக்கும் எல்காஸ் (LCoS, சிலிக்கான்மேல் திரவப் படிகம்) சில்லுக்கு மட்டும் ஏன் அவ்வளவு விலை? இரண்டிலும் இருப்பது திரவப் படிகம்தானே?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

திரவப் படிகம்தான். ஆனால் போன் திரையை உள்ளது உள்ளபடி பார்க்கிறோம், இந்தச் சில்லைப் பல நூறு மடங்கு பெருக்கிப் பார்க்கிறோம். 4கே சில் ஒன்றில் குறுக்கே 4096 பிக்சல், ஒவ்வொன்றும் 3.8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) என்று வையுங்கள். மொத்த அகலமே பதினைந்தரை மில்லிமீட்டர். 10 மீட்டர் திரையில் விரித்தால் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர் ஆகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட நாலு மைக்ரான் தூசியும் அதே அளவுக்கு வளர்ந்து, படம் முடியும்வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

தூசியையாவது சுத்தமான அறை கட்டித் தடுக்கலாம். கறுப்புதான் கஷ்டம்.

எல்காஸில் அடியில் சிலிக்கான் சுற்று, அதன்மேல் பிக்சலுக்கு ஒன்றாக அலுமினிய ஆடிகள், மேலே ஒரு கண்ணாடித் தகடு. நடுவே இரண்டு மைக்ரான் வாக்கில் திரவப் படிகம். மின்னழுத்தம் இல்லாதபோது மூலக்கூறுகள் நட்டுக்குத்தாக நிற்கும். ஒளி அலை அதிரும் தளத்தைப் பார்த்து வழி பிரித்துவிடும் ஒரு பிரிப்பான் சில்லுக்கு முன்னால் இருக்கும். வந்த ஒளி அந்தத் தளம் மாறாமல் திரும்பினால் விளக்குப் பக்கமே போய்விடும், திரையில் கறுப்பு. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் சாயும், தளம் திரும்பும், ஒளி லென்ஸுக்குப் போகும்.

சரி, சாய்வதென்றால் எந்தப் பக்கம்? அங்கேதான் வம்பு. எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டுமானால், முன்கூட்டியே சில பாகை சாய்த்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் கூடினால் ஒளி கசிந்து கறுப்பு சாம்பலாகும். குறைந்தால், பக்கத்து பிக்சலின் மின்புலம் இழுத்த இழுப்புக்குச் சில மூலக்கூறுகள் தப்பான பக்கம் விழும். வெள்ளை எழுத்தின் ஓரத்தில் இருண்ட கோடு தெரியும். பிக்சல் சிறுக்கச் சிறுக்க இந்த இழுபறி மோசமாகும்.

அந்தச் சாய்வைக் காப்பதும் லேசில்லை. மூலக்கூறுகளை நிறுத்திவைக்கும் பாலிமர் படலம், மணிக்கணக்கில் அடிக்கும் கடும் நீல ஒளியில் நாளடைவில் கெட்டுவிடும். அதனால் சிலிக்கான் ஆக்சைடை ஆவியாக்கி, சாய்கோணத்தில் படியவைக்கிறார்கள். இதை நிறத்துக்கு ஒன்றாக, சிவப்பு பச்சை நீலம் என்று உள்ளே இருக்கும் மூன்று சில்லுக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். தேறாததெல்லாம் குப்பை. அந்தக் குப்பையின் செலவும் தேறிய சில்லின் தலையில்தான் விழும்.

விளம்பரத்தில் லட்சக்கணக்கில் போடும் கான்ட்ராஸ்ட் எண்ணை, அதாவது வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் என்பதை, நான் நம்புவதில்லை. பெரும்பாலும் அது இருட்டுக் காட்சியில் விளக்கைத் தணித்து எடுத்த எண். புரொஜெக்டர் பார்க்கப் போனால் அறையை இருட்டாக்கி, முழுக் கறுப்புப் படத்தைப் போடச் சொல்லுங்கள். கண் பழகப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம் நாலு மூலையிலும் கறுப்பு சாம்பலாகிறதா என்று பாருங்கள்.