மாதம் 3,000 கட்டுகிறேன், கார்டு பாக்கி ஏன் குறையவில்லை?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஜவுளி நிறுவனத்தில் வேலை, மாதச் சம்பளம் 34,000 ரூபாய். அவர் கேட்டிருப்பது இதுதான்:

"போன வருடம் ஒருநாள் இரவு அம்மாவுக்குக் கடும் வயிற்றுவலி. பித்தப்பையில் கல், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். கையில் பணமில்லை. கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் தேய்த்துத்தான் சமாளித்தேன். எட்டு மாதமாக, ஒரு மாதம்கூடத் தவறாமல் 3,000 ரூபாய் கட்டி வருகிறேன். மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே கார்டில் மாதம் 5,000 ஆகிறது. அதைத் தனியாக முழுவதும் கட்டிவிடுகிறேன். இருந்தும் பாக்கி 57,000க்கு மேல் காட்டுகிறது. பேங்க் ஏமாற்றுகிறதா? அலுவலக நண்பர் மூன்று வருடமாகக் கார்டு வைத்திருக்கிறார், ஒரு பைசா வட்டி கட்டியதில்லை என்கிறார். அப்பாவோ கார்டை வெட்டிப் போடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

அம்மா இப்போது நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அந்த இரவில் கார்டு உங்களைக் காப்பாற்றியது உண்மை. யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் வைத்தியம் நடந்திருக்கிறது. அந்த முடிவில் தப்பே இல்லை. சிக்கல் அதற்கடுத்து வந்த முதல் ஸ்டேட்மென்டில் ஆரம்பித்தது.

பேங்க் ஏமாற்றவில்லை. கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். உங்கள் கார்டும் அப்படி என்றால் 60,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 2,100. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 378 ரூபாய். ஆக 2,478. நீங்கள் கட்டிய 3,000த்தில் அசலுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 522 ரூபாய். ஊரில் மூன்று வட்டி என்றாலே வேண்டாம் சாமி என்று ஒதுங்குவோம். ஜிஎஸ்டியையும் சேர்த்தால் இது நாலு வட்டிக்கும் மேலே.

இந்த 522கூட உங்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. மளிகைப் பணத்தைத் தனியாகக் கட்டிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? பேங்க் கணக்கில் அப்படித் தனி என்று ஒன்று கிடையாது. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு வட்டியில்லா நாட்கள் ரத்தாகிவிடும். கடையில் அரிசி வாங்கிய அன்றைக்கே அதன்மேல் வட்டி ஓட ஆரம்பித்துவிடும். மாதம் 5,000 ரூபாய்க்கு இப்படி இருநூறு ரூபாய்க்கு மேல் போகிறது. அதைக் கழித்தால், 3,000 கட்டிய மாதத்தில் உங்கள் கடன் குறைந்தது சுமார் 300 ரூபாய். எட்டு மாதத்தில் 24,000 கட்டியும் பாக்கி 57,000த்தில் நிற்பது இப்படித்தான்.

ஸ்டேட்மென்டின் முதல் பக்கத்தில் இரண்டு தொகை இருக்கும்: டோட்டல் டியூ, அதாவது கட்ட வேண்டிய முழுத் தொகை; மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டியது. மினிமம் கட்டினால் லேட் ஃபீஸ் வராது, நீங்கள் கடனை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் சிபில் ரிப்போர்ட்டில் தவணை தவறியதாக ஏறாது. அது தரும் நன்மை அவ்வளவுதான், வட்டியை அது நிறுத்தாது. மினிமம் மட்டும் கட்டினால் கடன் பல மாதங்கள், வருடங்கள் இழுக்கும் என்று ஸ்டேட்மென்டிலேயே அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சின்ன எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை.

உங்கள் நண்பர் சொல்வதும் பொய்யில்லை. டோட்டல் டியூவை டியூ தேதிக்குள் முழுதாகக் கட்டுகிறவருக்கு, வாங்கிய நாளைப் பொறுத்து 45 நாள், சில கார்டுகளில் 50 நாள்வரை வட்டியில்லாக் கடன். சலுகைகள் அதற்கு மேல். அவரும் நீங்களும் வைத்திருப்பது ஒரே மாதிரிக் கார்டாகக்கூட இருக்கலாம்.

சரி, இப்போது என்ன செய்வது? இன்றைக்கே அந்தக் கார்டில் மளிகை வாங்குவதை நிறுத்துங்கள். டெபிட் கார்டோ, சேமிப்புக் கணக்கிலிருந்து போகும் யுபிஐயோ போதும்.

அப்புறம், 57,000 ரூபாயை நாலு வட்டியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். பேங்குக்கு போன் செய்து, பாக்கி முழுவதையும் இஎம்ஐயாக மாற்றக் கேளுங்கள். வருடத்துக்கு 18 சதவீதம், 24 மாதம் என்று வைத்துக்கொண்டால் தவணை ஏறக்குறைய 2,850 வரும். வட்டிக்கான ஜிஎஸ்டியைச் சேர்த்தால் முதல் சில மாதம் 3,000 ஆகும். நீங்கள் இப்போது கட்டுகிற அதே பணம்தான், ஆனால் இரண்டு வருடத்தில் கடன் தீர்ந்துவிடும். பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு, இடையில் முடித்தால் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் நகை இருந்தால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். 10 சதவீத வட்டியில் நகைக்கடன் கிடைத்தால், 57,000த்துக்கு மாத வட்டி 475 ரூபாய். கார்டில் ஜிஎஸ்டியோடு 2,350 ஆகிறது. மாதம் 3,000 கட்டினால் 21 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். வட்டியோடு அசலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட விடுகிற இடமா என்று கேட்டுவிட்டு வையுங்கள். அம்மாவின் நகையை வைப்பதா என்று மனம் சங்கடப்படும். எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது மாதாமாதம் வட்டியாகக் கரைவதும் அந்த வீட்டுப் பணம்தான்.

ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். பாக்கியை முழுதாக அடைத்த பிறகும் அடுத்த ஸ்டேட்மென்டில் ஒரு சின்ன வட்டித் தொகை வரும். ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. அதையும் கட்டினால்தான் கணக்கு நேராகும். "எல்லாம் முடித்துவிட்டேனே" என்று அதை விட்டவர்கள் பலர், பிறகு லேட் ஃபீஸ் கட்டியிருக்கிறார்கள்.

யாராவது போன் செய்து, "பாதி கட்டுங்கள், செட்டில்மென்ட் செய்து தருகிறோம்" என்றால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். சிபில் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று பதிவாகிவிடும். நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும். ஒழுங்காகச் சம்பளம் வருகிற உங்களுக்கு அந்த வழி தேவையே இல்லை.

அப்பா சொன்னதற்கு வருகிறேன். கார்டை வெட்டினால் பிளாஸ்டிக் போகும், கணக்கு அப்படியே இருக்கும், வருடக் கட்டணமும் ஏறும். மூட வேண்டுமென்றால் பாக்கியைத் தீர்த்துவிட்டு எழுத்து மூலமாகக் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி ஏழு வேலை நாட்களுக்குள் மூடித்தர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் பேங்க் உங்களுக்குத் தர வேண்டும். புகாருக்கு 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனிலேயே, செலவில்லாமல் முறையிடலாம்.

ஆனால் நீங்கள் மூட வேண்டியதில்லை என்பது என் கருத்து. எட்டு மாதம் ஒருநாளும் தவறாமல் கட்டியவர் நீங்கள். கடன் முடிந்ததும் லிமிட்டை உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்குள் குறைத்துக்கொண்டு, அவசரத்துக்கு வைத்திருங்கள். கார்டு பில் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போடும்போது மட்டும் கவனம். எனக்கே ஒருமுறை நடந்தது. ஒரு பேங்கில் கார்டு வாங்கியபோது, விற்க வந்த பையன் படிவத்தில் 'மினிமம் டியூ' கட்டத்தில் டிக் போட்டுவிட்டான். பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். மாதாமாதம் பணம் போகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது ஸ்டேட்மென்டில் 'ஃபைனான்ஸ் சார்ஜ்' என்று 611 ரூபாய் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நீங்கள் 'டோட்டல் டியூ' என்ற கட்டத்தில்தான் டிக் இருக்கிறதா என்று ஆப்பில் இன்றைக்கே திறந்து பாருங்கள்.

இஎம்ஐக்கு மாற்றினால், அடுத்த ஸ்டேட்மென்ட் வந்ததும் 57,000 முழுவதும் தவணைக் கணக்குக்குப் போயிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். கொஞ்சம் வெளியே நின்றுவிட்டால் அதற்கு மட்டும் பழைய வட்டியே ஓடும். அப்படி இருந்தால் அன்றைக்கே மெயில் அனுப்பிவிடுங்கள்.