மழைக்காலக் காய்ச்சலும் மருத்துவமனைக் கணக்கும்: கேள்வி பதில்

மாவட்ட அளவில் ஃபுளூ கண்காணிப்பு வேலை பார்க்கும் மருத்துவர் என்ற முறையில், நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

செங்கல்பட்டு வாசகி: ஃபுளூ குளிர்கால நோய் என்கிறார்களே டாக்டர், எங்கள் ஊரில் மழை பிடித்தால்தானே வீட்டுக்கு வீடு காய்ச்சல்?

நீங்கள் கவனித்தது சரிதான் அம்மா. காஷ்மீரில் ஃபுளூ ஜனவரி முதல் மார்ச் வரை ஏறும். டெல்லி, புனே பக்கம் தென்மேற்குப் பருவமழையோடு வரும். சென்னை, வேலூரில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில் கூடும். அந்தந்த ஊர் மருத்துவமனைகள் வாரம் தவறாமல், வருடக்கணக்கில் சளி மாதிரி எடுத்து அனுப்பியதால்தான் இது தெரியவந்தது. டெல்லிக் கணக்கை வைத்துக்கொண்டு திருவாரூருக்குத் திட்டம் போட முடியாது.

நர்சிங் மாணவி: காய்ச்சலோடு வரும் எல்லோரையும் கணக்கில் சேர்ப்பீர்களா?

இல்லை. கடந்த 10 நாளுக்குள் தொடங்கிய காய்ச்சல், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், கூடவே இருமல். இவை இருந்தால் அவர் ஐ.எல்.ஐ. பட்டியலில், அதாவது ஃபுளூ போன்ற காய்ச்சல் உள்ளவர்கள் பட்டியலில் வருவார். வார்டில் சேர்க்க வேண்டிய அளவுக்கு மோசமானால் ‘சாரி’ (SARI) எனும் கடுமையான சுவாசத் தொற்றுப் பட்டியல். ஓ.பி. நிரம்பி வழியும் நாளில் இருமல் உண்டா என்று கேட்காமல், பதிவேட்டில் ‘காய்ச்சல்’ என்று ஒரு சொல்லோடு விட்டுவிடுவார்கள். டெங்குவும் ஃபுளூவும் ஒன்றாக வரும் மாதங்களில் அந்த வரி எங்களுக்கு எதற்கும் உதவாது. நீங்கள் பணிக்குப் போகும்போது அந்த ஒரு கேள்வியைத் தயவுசெய்து விடாதீர்கள்.

லேப் டெக்னீஷியன், தஞ்சாவூர்: மாதிரி எதனால் வீணாகிறது சார்?

பெரும்பாலும் சின்ன விஷயங்களால்தான். மரக்காம்பில் பஞ்சு சுற்றிய குச்சி ஆகாது, அது வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கும். பிளாஸ்டிக் காம்பும் செயற்கை இழையும் உள்ள குச்சிதான் வேண்டும். எடுத்ததும் வி.டி.எம். குழாயில் (வைரஸ் கெடாமல் காக்கும் திரவம் உள்ள குழாய்) போட்டு, 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து அனுப்புங்கள். சாதாரண ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அப்புறம், பெயரையும் எண்ணையும் மூடியில் எழுதாமல் குழாயின் மேல் எழுதுங்கள். மூடி மாறிவிட்டால் ஆளே மாறிவிடுவார்.

நிருபர்: ஒரு வாரம் 20 பேர், அடுத்த வாரம் 40 பேர். ‘ஃபுளூ இரட்டிப்பு’ என்று எழுதலாமா?

எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். 200 மாதிரியில் 20 என்றால் 10 சதவீதம். மறுவாரம் செய்தி பரவி, பயந்துபோய்க் கூட்டம் வந்து, 400 மாதிரியில் 40 என்றால் அதுவும் 10 சதவீதம்தான். சோதனை கூடியிருக்கிறது, அவ்வளவே. அதே 200 மாதிரியில் 40 என்றால் நானே கவலைப்படுவேன். சதவீதத்தை மட்டும் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு: மிகவும் முடியாதவர்களை மட்டும் பொறுக்கிச் சோதித்தால் சதவீதம் தானாக ஏறும். அதனால்தான் ஒவ்வொரு வாரமும் ஒரே விதத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நச்சரிக்கிறோம். எந்த வகை என்பதையும் கேட்டு எழுதுங்கள். 2009-இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 இன்று பருவகால வைரஸ்களில் ஒன்று. 2023 மார்ச்சில் இந்தியாவில் பேசப்பட்டது எச்3என்2.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: தடுப்பூசி எப்போது போட்டுக்கொள்வது?

ஐயா, ஊசி வேலை செய்யச் சுமார் இரண்டு வாரம் ஆகும். நம் பக்கம் மழைக்கு முன்பே, செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது நல்லது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும்.

தனியார் கிளினிக் மருத்துவர்: தினம் 30 பேர் வரும் இடம். நான் தகவல் அனுப்பி என்ன ஆகப்போகிறது?

லேசான காய்ச்சல்காரர்கள் முதலில் வருவது உங்களிடம்தான் டாக்டர். பெரிய மருத்துவமனை வார்டு நிரம்பும்போது பரவல் ஏற்கெனவே ஊருக்குள் முற்றியிருக்கும். எல்லோருக்கும் சோதனை வேண்டியதில்லை, லேசானவர்களுக்கு அரசு வழிகாட்டுதலே வேண்டாம் என்கிறது. நோய்த் தகவல்களைப் பதியும் அரசின் ஐ.எச்.ஐ.பி. இணையதளத்தில் மருத்துவர்களுக்கான ‘பி’ படிவம் இருக்கிறது. உங்கள் மாவட்டக் கண்காணிப்பு அலுவலரைக் கேட்டால் பதிவு செய்து தருவார். யாரும் வராத வாரத்திலும் ‘பூஜ்ஜியம்’ என்று அனுப்புங்கள். அது வராவிட்டால், நோய் இல்லையா, கிளினிக் பூட்டியிருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது.