ரூபி டீ யார்? நடிகையா, போராளியா?
இரண்டும்தான். அவர் அவற்றைத் தனித்தனி வேலையாகப் பார்த்ததே இல்லை. 1922-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார், வளர்ந்தது நியூயார்க்கின் ஹார்லமில். 1948-ல் நடிகர் ஆஸி டேவிஸைக் கைப்பிடித்தார். 1959-ல் பிராட்வே மேடையில் ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகத்தில் ஏற்ற ரூத் வேடம் பெரிய பெயர் வாங்கித் தந்தது.

கறுப்பின மக்களின் உரிமை கேட்டு நடந்த 1963 வாஷிங்டன் பேரணியில் இந்தத் தம்பதியும் முன்னே நின்றார்கள். அகிம்சை வழியில் போராடிய மார்ட்டின் லூதர் கிங், அந்த வழியை ஏற்காத கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் இருவருக்குமே நண்பர்கள் (இருவரோடும் ஒத்துப்போனவர்கள் அன்று அதிகம் இல்லை).

பேரும் புகழும் வந்த பிறகும் அவர் ஓயவில்லை. 1999-ல் கையில் ஆயுதமே இல்லாத அமடூ டியாலோ என்ற கினி நாட்டு இளைஞரை நோக்கி நியூயார்க் போலீஸார் நான்கு பேர் 41 குண்டுகள் சுட்டார்கள். அதைக் கண்டித்து போலீஸ் தலைமையகத்தின் முன் மறியல் நடந்தது. கணவரோடு போய்க் கைதானார் ரூபி டீ. வயது 76!

அப்புறம் 2007-ல் ‘அமெரிக்கன் கேங்ஸ்டர்’. சில நிமிடங்களே வரும் அம்மா வேடம். போதை மருந்து விற்கும் மகனாக டென்சல் வாஷிங்டன். அவர் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விடுவார் பாருங்கள், 85 வயதில் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. 2014-ல் காலமானார்.