28 ஆட்டுக்கும் அதே 5 மில்லி

கேள்வி: ஐயா, பேரையூர் பக்கம் கன்னி ஆடு 28 வைத்திருக்கிறேன், குட்டிகள் தனியாக 11. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் குடல்புழு மருந்து கொடுக்கிறேன். கடைக்காரர் சொன்னபடி அல்பெண்டசோல், பெரியது சிறியது பார்க்காமல் தலைக்கு 5 மில்லி. அப்படியும் மழைக்குப் பிறகு குட்டிகள் கழிந்து இளைக்கின்றன; 3 செத்துவிட்டன. தாய் ஆடு இரண்டுக்குத் தாடைக்குக் கீழே வீங்கித் தொங்குகிறது. "இந்த மருந்து இனிமேல் கேட்காது" என்று கடையில் விலை கூடிய வேறொன்றையும், கூடவே ஒரு லிவர் டானிக்கையும் எடுத்து வைக்கிறார்கள். மாற்றட்டுமா? வேப்பங்கொழுந்தே போதும் என்கிறார் அப்பா.

பதில்: தம்பி, தாடை வீங்கிய அந்த இரண்டையும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கீழ் இமையைப் பிதுக்கிப் பார்த்தால் காகிதமாக வெளுத்திருக்கும். இரைப்பையில் இருந்து ரத்தம் உறிஞ்சும் புழுவின் வேலையாகத்தான் தெரிகிறது.

சரி, உங்கள் ஆடு ஒவ்வொன்றும் எத்தனை கிலோ? கடிதத்தில் எங்கேயும் காணோம். கடைக்காரரும் கேட்டிருக்க மாட்டார்.

உங்கள் பாட்டில் 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் மருந்து, 5 மில்லியில் 125. பத்துக் கிலோ குட்டிக்கு அது கிலோவுக்கு 12.5 மில்லிகிராம். முப்பது கிலோ தாய் ஆட்டுக்குக் கிலோவுக்கு 4 சொச்சம்தான். வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்தைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் கிலோவுக்கு 10 என்று கணக்கு வைத்தால், தாய்க்குப் போயிருக்க வேண்டியது 12 மில்லி. பாதிகூடப் போகவில்லை. அரை மருந்தில் நோஞ்சான் புழு சாகும், திடமானது தப்பித்துப் பெருகும். ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். குட்டி போடும் சமயத்தில் தாய் வழியாக முட்டை இன்னும் கூடுதலாக வெளியேறும். மழை பெய்த அதே தரையில்தான் குட்டிகள் மேய்கின்றன. குட்டிக்குச் சரியாக ஊற்றிவிட்டுத் தாயை விட்டுவிட்டீர்கள்.

கடையில் 10 சதவீத பாட்டிலும் இருக்கும். அதில் இதே 5 மில்லி என்றால் 500 மில்லிகிராம். அதனால் "எத்தனை மில்லி" என்ற கேள்விக்கு அர்த்தமே கிடையாது. லேபிளில் சதவீதம், ஆட்டின் எடை, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், இந்த மூன்றும் இல்லாமல் யார் மில்லி சொன்னாலும் அது குத்துமதிப்பு. தலைக்கு இவ்வளவு என்று சொல்லும் கடைக்காரர் வைத்தியம் பார்க்கவில்லை, பாட்டில் விற்கிறார். லிவர் டானிக்கும் அந்த வகைதான். வாங்காதீர்கள்.

அந்தக் காசுக்கு ஒரு தொங்கு தராசு வாங்குங்கள். இதை நான் எழுதாத மாதமில்லை, திட்டுபவர்கள் திட்டட்டும். ஒரு குட்டி விலையில் பாதிகூட ஆகாது. வேப்பங்கிளையில் மாட்டி, குட்டியைச் சாக்கில் தலை மட்டும் வெளியே தெரிய இட்டுத் தூக்கினால் எண் வந்துவிடும். பெரிய ஆட்டுக்கு வயிற்றடியில் அகலத் துணி கொடுத்துத் தூக்கலாம். அதுவரைக்கும் டெய்லர் டேப் போதும்: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்பட்டை முனையிலிருந்து பின் இடுப்பு எலும்பு முனை வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ. சுற்றளவு 28, நீளம் 26 என்றால் 31 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கூட்டமாக மருந்து கொடுக்கும்போது எடைவாரியாக மூன்று நான்கு கும்பலாகப் பிரித்து, ஒவ்வொரு கும்பலிலும் கனமான ஆட்டுக்கு உள்ள அளவைக் கொடுங்கள். சராசரி வேண்டாம்.

தராசு இருந்தால் திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பேச்சு மாறும். வியாபாரி முதுகைப் பிடித்துப் பார்த்து மொத்தமாக ஒரு விலை சொல்வார். உங்கள் கையில் உயிர் எடை இருந்தால் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்கலாம். உரித்தால் பாதிக்குப் பாதி கறி என்பது அவருக்குத் தெரியும். எடை தெரியாதவர் நீங்கள்தான்.

ஊற்றும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். குலுக்காவிட்டால் முதல் ஆட்டுக்குத் தண்ணீர், கடைசி ஆட்டுக்குக் கெட்டிச் சாறு. தலையை அண்ணாத்திப் பிடித்தால் நுரையீரலுக்குப் போய்விடும். மட்டமாகப் பிடித்து, கடைவாய் வழியாக மெதுவாக விடுங்கள்.

மருந்தை மாற்றுவதைப் புழுக்கைதான் சொல்ல வேண்டும். சரியான அளவு கொடுக்கும் அன்றும், 10 முதல் 14 நாள் கழித்தும் நாலைந்து ஆட்டின் புழுக்கையைச் சூடாகவே எடுத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணச் சொல்லுங்கள். 100க்கு 95 குறைந்திருந்தால் மருந்து நன்றாகவே கேட்கிறது. குறையவில்லை என்றால் டாக்டர் சொல்வதற்கு மாறுங்கள். கடையில் காட்டுவது க்ளோசான்டெலாக இருந்தால் கண்ணளவில் ஊற்றவே கூடாது. அளவு மீறினால் பார்வை போய்விடும்.

குட்டிகளின் கழிச்சல் வேறு கதையாக இருக்கலாம். ரத்தப் புழு பெரும்பாலும் வெளுக்க வைக்கும், கழிய வைக்காது. ரத்தக் கழிச்சலுக்குக் காரணமான காக்சிடியா புழுவே அல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரி; அதை எந்தக் குடல்புழு மருந்தும் தொடாது. அதே புழுக்கையில் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வேப்பங்கொழுந்தை ஆடு தின்னட்டும், தழைதானே. அதை நம்பி வெளுத்த ஆட்டை வைத்துக்கொண்டு நாள் கடத்த வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அப்புறம், கிடா சேர்ந்து ஒரு மாதம் ஆகாத பெட்டைகளைப் பிரித்து வையுங்கள். அந்தச் சமயத்தில் அல்பெண்டசோல் கருவுக்கு ஆகாது.