முன்னாள் கணவரின் பென்ஷனில் எனக்குப் பங்கு உண்டா?

கேள்வி: 1993-ல் திருமணமாகிக் கணவருடன் நியூஜெர்சி போனேன். 2005-ல் அங்கேயே விவாகரத்து. இப்போது சேலம் அழகாபுரத்தில் அம்மாவுடன் இருக்கிறேன். வயது 61, இந்தியக் குடியுரிமை, மறுமணம் செய்யவில்லை, அங்கே வேலைக்கும் போனதில்லை. முன்னாள் கணவரின் சோஷியல் செக்யூரிட்டியில் (அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டம்) எனக்கும் பணம் உண்டு, வாங்கித் தர 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒரு ஏஜென்ட். முன்னாள் கணவருக்கு இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போடுவாரா?

பதில்: பணம் உண்டு என்பது சரி. 40,000 ரூபாய் என்பது வீண். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

கையெழுத்தும் தேவையில்லை. உங்களுக்குக் கொடுப்பதால் அவர் தொகையோ இப்போதைய மனைவியின் தொகையோ ஒரு டாலர்கூடக் குறையாது. இன்னொரு வீட்டுச் சோற்றில் கை வைக்கிறோமோ என்ற கூச்சம் வேண்டாம்.

அங்கே முதலில் பார்ப்பது, திருமணம் பத்து ஆண்டுகள் நீடித்ததா என்பதை. ஒன்பது ஆண்டு பதினொரு மாதம் என்றால் கதவு மூடிவிடும், உங்களுடையது தாண்டிவிட்டது. உங்களுக்கு 62 வயது நிறைந்திருக்க வேண்டும். அவருக்கும் 62 ஆகியிருந்து, சுமார் பத்தாண்டு வேலைக்குச் சமமான 40 கிரெடிட் இருந்தால், அவர் இன்னும் விண்ணப்பிக்காவிட்டாலும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். விவாகரத்தாகி இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தால் போதும்.

அவசரப்பட்டால் தொகை சுருங்கும். அவருடைய முழு ஓய்வூதியம் 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 67 வயதில் தொடங்கினால் உங்களுக்குப் பாதி, 1,500. 62-லேயே தொடங்கினால் 32.5 சதவீதம், அதாவது 975 டாலர்தான். பிறகு அது ஏறாது, விலைவாசிக்கேற்ற உயர்வு மட்டுமே. இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமகள் என்பதால் 25.5 சதவீத வரியையும் அங்கேயே பிடித்துவிடுவார்கள். கைக்கு வருவது சுமார் 726 டாலர்.

குடியுரிமை இல்லாதவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் பணம் நிறுத்தப்படும் என்பது பொது விதி. இந்தியர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் மனைவி என்ற முறையில் வாங்குபவர், அவருடைய மனைவியாக அமெரிக்காவில் ஐந்து ஆண்டுகளாவது வாழ்ந்திருக்க வேண்டும். அதற்குச் சாட்சி உங்கள் பழைய பாஸ்போர்ட்தான். பீரோவின் அடித்தட்டில் கிடந்தாலும் தேடி எடுங்கள். அதோடு திருமணச் சான்று, விவாகரத்துத் தீர்ப்பு, அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண். எண் தெரியாவிட்டால் அவர் பிறந்த தேதி, ஊர், பெற்றோர் பெயர் கொடுத்துப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்களின் விண்ணப்பங்களை மணிலாவில் உள்ள அமெரிக்கத் தூதரகப் பிரிவு கவனிக்கிறது. பாஸ்போர்ட்டை ஏஜென்ட் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மில் தொழிலாளியான கணவரிடமிருந்து பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்துப் பெற்றேன். அடுத்த வருடம் அவர் ரிட்டயர் ஆகிறார். பி.எஃப்., கிராஜுவிட்டியில் பாதி கேட்கலாமா? – வாசகி, ஏற்காடு

பதில்: பாதி என்று தானாக எதுவும் வராது. நம் சட்டத்தில் பத்தாண்டுக் கணக்கெல்லாம் இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டித் தொகையைக் கோர்ட் ஜப்தி செய்யவும் சட்டம் இடம் தருவதில்லை. அவர் காலமானால் வரும் விதவை பென்ஷனும் விவாகரத்தான மனைவிக்குக் கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கு 25 வயது வரை, ஒரே நேரத்தில் இருவருக்கு, உண்டு.

இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவு, தீர்ப்புக்குப் பிறகும் ஜீவனாம்சம் கேட்க வழி விடுகிறது. மறுமணம் செய்திருக்கக் கூடாது. தீர்ப்பில் 'இனி எதுவும் கோர மாட்டேன்' என்று எழுதியிருந்தால் போராட்டம்தான். சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வக்கீல் இலவசம். மலையிறங்கும்போது தீர்ப்பு நகலைக் கையோடு கொண்டு போங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.